ரூத் இடம் மாறிய சனிக்கிழமை

"பைபிளை யாரும் மாத்தலைங்க. வரிசையை மட்டும்தான்."

அந்த வாரம் முழுக்க நான் அதிகம் பேசிய வாக்கியம் இதுதான். அம்பத்தூரில் அலுவலக மாடிப்படியில் நின்று பேசினேன். பூந்தமல்லி பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். ஐயப்பன்தாங்கல் வீட்டில் வாய் நிறையப் பற்பசை நுரையோடும் பேசினேன். வியாழக்கிழமைக்குள் அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. மாற்றித்தான் விட்டேனோ என்றுகூடத் தோன்றியது.

எங்கள் சபை சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் இருக்கிறது. சபை ஆரம்பித்த நாளை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் பழைய ஏற்பாடு முழுவதையும் மைக்கில் சத்தமாக வாசித்து முடிப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் ஆதியாகமத்தில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மல்கியாவில் இறங்க வேண்டும். இரவில் நிறுத்திவிட்டு, விடிந்ததும் விட்ட இடத்தில் தொடர்வார்கள். ஆளுக்குச் சில அதிகாரங்கள். விதி ஒன்றே ஒன்றுதான். அடுத்து வாசிக்க வேண்டியவர் பக்கத்தில் வந்து நின்று, அந்தப் பெரிய வேதாகமத்தில், வாசிக்கப்படும் வரியின்மேல் விரலை வைக்க வேண்டும். அதுவரை வாசிக்கிறவர் நிறுத்தக் கூடாது. சங்கிலி அறுந்துபோகக் கூடாது என்பார்கள். ஒரு வருடம் அடுத்த ஆள் வண்டி பஞ்சராகி நின்றுவிட்டதால், எண்ணாகமத்தின் கோத்திரக் கணக்குகளை ஒரே ஆள் வாசித்துக்கொண்டே இருந்து, அந்த வாரம் முழுக்க சைகையில் பேசினார்.

நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவள். எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்காவிட்டால் எனக்குக் கை அரிக்கும். கிதார் வாங்கி, பாதியில் விட்டு, ஜப்பானிய மொழிக்குத் தாவி, அதையும் விட்டு, எபிரேயு மொழிக்கான இணைய வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துகளைத் தாண்டி நான் பெரிதாக முன்னேறவில்லை. ஆனால் அங்கேதான் அந்த வரிசை விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

வாடகை வீடு மாறும்போது அதே சாமான்களைத்தான் ஏற்றி இறக்குகிறோம். பழைய வீட்டில் சமையலறையில் இருந்த ஸ்டூல் புதிய வீட்டில் படுக்கையறைக்குப் போய்விடுகிறது. பிறகு அது வேறு ஸ்டூல் மாதிரி இருக்கிறது. யூதர்களுடைய வேதமும் எங்கள் பழைய ஏற்பாடும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஒன்றே. கத்தோலிக்கர்களிடம் இன்னும் சில புத்தகங்கள் கூடுதலாக உண்டு, அது தனிக்கதை. யூதர்களுக்கு மூன்று அறைகள். முதலில் தோரா, அதாவது மோசேயின் ஐந்து ஆகமங்கள். இரண்டாவது தீர்க்கதரிசிகள். மூன்றாவது அறைக்கு வெறுமனே 'எழுத்துகள்' என்று பெயர். நாங்கள் சரித்திரம் என்று நினைத்து வளர்ந்த யோசுவாவும் நியாயாதிபதிகளும் சாமுவேலும் இராஜாக்களும் அவர்களிடம் தீர்க்கதரிசிகளின் அறையில் இருக்கின்றன. எங்கள் சின்னத் தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் அங்கே ஒரே புத்தகத்துக்குள் அடங்குகிறார்கள். ஆனால் நாங்கள் பெரிய தீர்க்கதரிசிகளோடு உட்கார வைத்திருக்கும் தானியேல் அந்த அறையிலேயே இல்லை. மூன்றாவது அறையில் எஸ்தருக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

முடிவும் வேறு. எங்கள் வரிசை பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் வழியாக வந்தது. அதில் தீர்க்கதரிசிகள் கடைசியில் நின்று, வரப்போகிறவரைக் கை காட்டுகிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் மத்தேயு. யூதர்களுக்குத் திருப்ப அங்கே மத்தேயு இல்லை. அவர்களுடையது நாளாகமத்தில் முடிகிறது. நாடுகடத்தப்பட்ட ஜனங்கள் ஊருக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒரு ராஜா அனுமதி கொடுக்கிறார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் நான் ஒரே மூச்சில் போதகரிடம் சொல்லி, இந்த வருடம் யூத வரிசையில் வாசிக்கலாமே என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருசம் லேவியராகமம் ஓடும்போது நானும் ஃபேனும்தாம்மா இருந்தோம். அதுலயும் நடுவுல கரண்ட் போயிடுச்சு. புதுசா எதையாவது செஞ்சா நாலு பேர் வருவாங்க. செய்யி. ஆனா போன் வந்தா நீதான் பேசணும்."

வந்தது. வாட்ஸ்அப்பில் முதல் பதிலே "நாளைக்கு பத்து கட்டளையையும் ஷஃபிள் பண்ணுவீங்களா சிஸ்டர்?" என்பதுதான்.

என்னோடு தினமும் அதே பேருந்தில் அம்பத்தூருக்கு வரும் அக்கா ஒருத்தி இருந்தாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. அவளுடைய கணவர் கல்யாணமாகி அதிக நாள் ஆவதற்குள் நெடுஞ்சாலையில் லாரி மோதி இறந்துவிட்டார். அக்கா அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. மாமியாரோடுதான் இருந்தாள். மாமியாருக்கு அவர் ஒரே பிள்ளை. அந்த ஆன்ட்டி சென்னீர்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தையல் மெஷின் போட்டு யூனிஃபார்ம் தைப்பவர், பேச்சில் யாரையும் விட்டுவைக்காதவர்.

இருவருக்கும் சபையில் ஒரு நிரந்தர இடம் உண்டு. தொடர் வாசிப்பின் இரண்டாம் நாள் மாலை, நியாயாதிபதிகளின் வெட்டுக்குத்தெல்லாம் ஓய்ந்து ரூத் தொடங்கும்போது, ஆன்ட்டியும் அக்காவும் மேடையேறுவார்கள். முதல் அதிகாரத்தை ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கணவனை இழந்த மருமகள், உங்களை விட்டுப் போகமாட்டேன் என்று மாமியாரிடம் சொல்லும் இடம் சரியாக அக்காவின் முறையில் வரும். வேலை விட்டு வந்த கூட்டம் நிறைந்திருக்கும். முந்தானைகள் கண்ணுக்குப் போகும். அதோடு அவர்கள் இறங்கிவிடுவார்கள். மீதியை அடுத்தவர் வாசிப்பார்.

வாசிப்புக்கு ஒரு வாரம் முன்னால் பேருந்தில் அக்கா சொன்னாள்: "இந்த வருசம் எனக்கு ரூத் வேண்டாம்ப்பா. எரேமியா குடு, எசேக்கியேல் குடு, எதுன்னாலும் படிக்கிறேன்."

"ஏன்க்கா?"

"எங்கம்மா ஆவடில ஒரு இடம் பாத்திருக்காங்க. அவருக்கும் முதல் சம்சாரம் தவறிட்டாங்க. ஒரு தடவை பாத்துப் பேசினேன். நம்ம வாசிப்பு முடியற ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

"உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கு. அதான் கஷ்டம்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அத்தைகிட்ட எப்படிச் சொல்றது? நான் போனா அவங்களும் அந்த மெஷினும்தான். சபைல வேற ரூத்து, ரூத்துன்னு கூப்பிட்டே என்னைக் கட்டிப் போட்டுட்டாங்க. மைக்ல ஊரறிய போகமாட்டேன்னு படிச்சிட்டு, மறுநாள் போறேன்னு சொல்ல முடியுமா?"

இந்த இடத்தில் நான் உற்சாகப்பட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் யூத வரிசையில் ரூத் நியாயாதிபதிகளுக்குப் பின்னால் இல்லை. அது மூன்றாவது அறையில், அறுவடைப் பண்டிகைக்கு வாசிக்கிற சின்னப் புத்தகமாக இருக்கிறது. அந்த அறைக்குள்ளேயே ஒவ்வொரு பழைய பிரதியும் ஒவ்வொரு மாதிரி. சிலவற்றில் உன்னதப்பாட்டுக்கு அடுத்து வரும். ஒரு பழைய பட்டியலில் சங்கீதத்துக்கும் முன்னால் வரும். நான் தேர்ந்தெடுத்த வரிசையில் நீதிமொழிகள் முடிந்ததும் ரூத். நீதிமொழிகளின் கடைசிப் பகுதி குணசாலியான பெண்ணைப் பற்றியது. ரூத்தின் மூன்றாம் அதிகாரத்தில் அதே 'குணசாலி' அவளுக்குச் சொல்லப்படுகிறது. எபிரேயுவிலும் இரண்டும் ஒரே சொல்தான். நியாயாதிபதிகளுக்கும் சாமுவேலுக்கும் நடுவில் வைத்தால் ரூத் அவளுடைய கொள்ளுப்பேரன் தாவீது ராஜாவுக்குப் போகிற பாதையில் ஒரு சத்திரம். நீதிமொழிகளுக்குப் பின்னால் வைத்தால் அது ஒரு பெண்ணின் கதை. பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இவ்வளவு இருக்கிறது!

அக்காவிடம் இவ்வளவும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, எப்போ வருது?" என்றாள்.

"சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம். யாரும் இருக்கமாட்டாங்க. ஆன்ட்டி ரூத் வேணும்னு ஏற்கெனவே கேட்டுட்டாங்க, உங்களை மட்டும் எடுத்தா ஏன்னு கேப்பாங்க. முதல் அதிகாரத்தைப் படிச்சிட்டு இறங்கிடுங்க. ரெண்டாம் அதிகாரத்துக்கு ஆள் போட்டிருக்கேன்."

அந்த ஆள் எங்கள் பகுதிக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணன். உன்னதப்பாட்டை மைக்கில் வாசிக்க எல்லோரும் வெட்கப்பட்டு ஒதுங்கியபோது, "நான் படிக்கிறேன், இன்னா இப்போ, அதுவும் கர்த்தர் வசனந்தானே" என்று முன்வந்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் வரிசையில் ரூத்துக்கு அடுத்தது உன்னதப்பாட்டு என்பதால், 'ரூத் இரண்டாம் அதிகாரம் முதல் உன்னதப்பாட்டு முடிய' என்று அவருக்கு அனுப்பியிருந்தேன்.

செவ்வாய் தொடங்கி வெள்ளி வரை எப்படியோ ஓடியது. பெரிய வேதாகமத்தில் முன்னும் பின்னும் தாவ வேண்டியிருந்ததால் கலர் கலராகக் கம்பளி நூல் வைத்திருந்தேன். அப்படியும் இராஜாக்கள் முடிந்ததும் ஒருவர் தன் பாட்டுக்கு நாளாகமத்தைத் தொடங்கிவிட்டார். நான் ஓடிப்போய் ஏசாயாவைத் திருப்பிக் கொடுத்தேன். காலையில் வாசிப்பு, பிறகு அலுவலகம், மாலையில் மறுபடி வாசிப்பு, நடுவில் தொலைபேசி. சனிக்கிழமை மதியம் நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே தூங்கக்கூடிய நிலையில் இருந்தேன். தக்காளி சாதம் சாப்பிட்ட போதகர் பிளாஸ்டிக் நாற்காலியில் கண் மூடியிருந்தார். பின்வரிசையில் இரண்டு மூன்று பேர். மின்விசிறி சூடான காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு கல்லூரிப் பெண் நீதிமொழிகளை முடிக்கும் நேரத்தில் ஆன்ட்டி வந்து விரலை வைத்தார். பிறகு நூலைப் பிடித்துப் புத்தகத்தின் பாதிக் கனத்தைப் பின்னால் புரட்டினார்.

"இன்னாடி இது, ரிவர்ஸ்ல போவுது" என்றது மைக்.

முதல் அதிகாரம் நடந்தது. அக்கா தன் வசனங்களை இன்வாய்ஸ் எண்களைப் படிப்பதுபோல வேகமாக வாசித்தாள். அந்த வசனமும் அதே வேகத்தில் போய்விட்டது. யாரும் கண்ணைத் துடைக்கவில்லை, துடைக்க ஆளும் இல்லை. ஆனால் அதிகாரம் முடியப்போகும் நேரம் வந்தும் மேடையின் இடப்பக்கம் காலியாகவே இருந்தது. நான் வெளியே போய் கேன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க? உங்க டைம்!"

"இன்னாமா சொல்ற? நான் குத்தம்பாக்கத்துல லோடு எறக்கிகினு கீறேன். பிரசங்கி முடிஞ்சிச்சா?"

"பிரசங்கியா?"

"பிரசங்கி முடிஞ்சா தானம்மா உன்னதப்பாட்டு! சண்டே ஸ்கூல் பாட்டுலயே கீதே. சங்கீதம், நீதிமொழிகள், பிரசங்கி, உன்னதப்பாட்டு. மறந்துட்டியா?"

"ரூத் ரெண்டுலேந்து உன்னதப்பாட்டு வரைக்கும்னு அனுப்பினேனே அண்ணே!"

"அத நீ தப்பா அடிச்சிட்டேன்னு நெனச்சேன். ரூத்துலேந்து உன்னதப்பாட்டுன்னா பாதி பைபிள் ஆச்சேம்மா! நடுவுல யோபு கீது, சங்கீதம் கீது. ஒரே ஆளு தலைல கட்டுவாங்களா?"

அவர் மேல் கோபப்பட எனக்குத் தெம்பில்லை. ஐந்தாம் வகுப்பில் பாடிய பாட்டு அவருக்குள் என் பட்டியலைவிட ஆழமாக இருந்தது. "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். சங்கிலி அறுந்திருக்கவில்லை. அக்காவே இரண்டாம் அதிகாரத்தைத் தொடங்கியிருந்தாள். நான் மேடையேறி, அவளை விடுவிக்கலாமென்று வரியின்மேல் விரலை வைத்தேன். ஆன்ட்டி என் கையைத் தட்டிவிட்டார்.

"இரு. தம்மாத்தூண்டு புஸ்தகம். இன்னும் மூணு அதிகாரந்தான், நாங்களே முடிச்சிடுறோம். அவ இத படிக்கட்டும், அடுத்தது நானு."

இதுவும் மைக்கில் போனது. அக்கா வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறங்கி நின்றேன்.

மூன்றாம் அதிகாரத்தை ஆன்ட்டி வாசித்தார். அதன் முதல் வசனத்தில் மாமியார் மருமகளிடம் பேசுகிறாள். மகளே, நீ நன்றாக வாழ்வதற்கு ஓர் இடத்தை நான் உனக்குத் தேட வேண்டாமா என்கிற பொருளில் ஒரு கேள்வி. கடவுள் கேட்கச் சொன்னதாக இல்லை, ஊர் கேட்கச் சொன்னதாக இல்லை, அவளே கேட்கிறாள். ஆன்ட்டி அதை வாசித்து நிறுத்தினார்.

மின்விசிறியின் சத்தம் மைக்கில் கேட்டது. வாசிப்பு நின்றதால் போதகர் விழித்துக்கொண்டார். அக்கா மெதுவாகக் கையை நீட்டி, அடுத்து வாசிக்கிறவள் வைப்பதுபோல, அந்த வரியின்மேல் விரலை வைத்தாள். நான் வாங்கிக்கொள்கிறேன் என்று அர்த்தம். ஆன்ட்டி அந்த விரலைப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்து மெல்ல அப்பால் நகர்த்திவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அடுத்த வசனத்தை வாசித்தார்.

நான் வாரக்கணக்கில் காத்திருந்த அந்தக் 'குணசாலி' வந்தது, போனது. நான் அதற்காகச் சந்தோஷப்பட மறந்துவிட்டேன். ஆன்ட்டியின் கழுத்து நரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாம் அதிகாரத்தை அக்கா வாசித்தாள். கல்யாணம், குழந்தை. அந்தக் குழந்தையை மாமியார் மடியில் வைத்து வளர்ப்பது வரைக்கும். அவள் முடிப்பதற்குள் கேன் அண்ணன் நனைந்த சட்டையோடு படியேறி வந்து விரலை வைத்தார்.

நான் அவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஆன்ட்டியும் அக்காவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சிமெண்ட் கட்டையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இத்தினி வருசமா மொத அதிகாரத்த மட்டும் படிச்சிட்டு எறங்கிட்டோம். மீதிய யாருடி படிச்சது?"

"அடுத்த ஆளுங்க படிச்சாங்க, அத்தை."

"அப்போ நாம எங்க இருந்தோம்?"

அக்கா யோசித்தாள். "டீ குடிச்சிட்டு இருந்தோம்."

ஆன்ட்டி தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆவடிக்காரன் இன்னா வேலை பண்றான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவசரமாகத் தலையாட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"அவள ஏன் பாக்குற? உங்கம்மா பத்து நாளைக்கி முன்னாடியே போன் பண்ணி ஒரே அழுகை. நீ எப்போ வாயத் தொறப்பேன்னு பாத்துகினே கீறேன். நீ இன்னாடான்னா எரேமியா வேணும்னு அலையுறியாம்."

"தெரிஞ்சா நீங்க ஏன் அத்தை கேக்கல?"

"கேட்டா 'போ'ன்னு சொல்லணும்." ஆன்ட்டி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "சொல்ல வாய் வர்ல. இருன்னு சொல்றதுக்கும் மனசு வர்ல. நீயா எதுனா சொல்லுவே, இல்லன்னா அப்டியே போவட்டும்னு இருந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எல்லாம் இவளால. ரூத்த ஒழுங்கா நியாயாதிபதி பின்னாடியே உட்டிருந்தா இன்னொரு வருசம் ஓட்டியிருப்பேன். மைக்ல நிக்க வெச்சி என்னையே கேக்க வெச்சிட்டா."

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை. களைத்திருந்தார். மெஷின் மிதித்து வீங்கிய காலைச் செருப்பிலிருந்து எடுத்துச் சூடான சிமெண்டின்மேல் வைத்துக்கொண்டார்.

"போன் போடு உங்கம்மாவுக்கு."

"இப்பவா?"

"நாளைக்கித்தானே கடைசி நாளு? போடு."

அக்கா எண்ணை அழுத்திக் காதில் வைத்து, "அம்மா" என்றாள். ஆன்ட்டி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார்.

"அழுவாதீங்க, மொதல்ல அழுவறத நிறுத்துங்க. நான் மாமியார்தான் பேசுறேன். எனுக்கு சம்மதந்தான். ஆனா பையனப் பத்தி நாலு விசயம் கேக்கணும். குடிப்பானா? ... எப்பவாச்சும்னா? எப்பவாச்சும்னா எப்போ?"

உள்ளே கேன் அண்ணன் உன்னதப்பாட்டைக் கட்டைக்குரலில், யாரோ துரத்துவதுபோல, மூச்சுவிடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி எங்கள் தலைக்கு நேர் மேலே இருந்தது. ஆன்ட்டி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அந்தக் காதல் வசனங்களைவிடச் சத்தமாக, ஆவடி வீடு சொந்தமா வாடகையா என்று விசாரித்தார். அக்கா அவருக்குப் பக்கத்தில், அதே கட்டையில், தோள் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டி போனைக் கையால் மூடிக்கொண்டு அவளிடம் கேட்டார்: "அவங்கள ஊட்டுக்கு வர்ச்சொல்றேன். புதன்கெழமையா, வியாழக்கெழமையா? உனுக்கு எப்போ லீவு கெடைக்கும்?"

"வியாழக்கிழமை, அத்தை."

போதகர் வாசலுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார். "பிரசங்கி படிக்க வேண்டியவர் வரலம்மா. உன்னதப்பாட்டுக்கு முன்னாடின்னு நெனச்சு, முந்தியே வந்து, நீதிமொழி இன்னும் முடியலன்னு பாத்துட்டு சாப்பிடப் போயிட்டாராம்."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். கேன் அண்ணன் பக்கத்தில் நின்று அவர் வாசிக்கும் வரியின்மேல் விரலை வைத்தேன். அவர் பெருமூச்சு விட்டு நகர்ந்தார். பிரசங்கியைத் தொடங்கினேன். கால் வலித்தது. அடுத்த ஆள் வருகிறாரா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து வாசித்தேன்.